சென்னை கடற்கரை–செங்கல்பட்டு ஏசி ரயில்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு முழங்கால் வலி. எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்கு ஏசி மின்சார ரயிலில் அழைத்துப் போக ஆசை. தானியங்கிக் கதவு, ஏறுவதற்குள் மூடிவிடுமோ என்று பயப்படுகிறார்.

பதில் 1:
2025 ஏப்ரலில் ஓட ஆரம்பித்ததிலிருந்தே இதில்தான் போகிறேன். எல்லாக் கதவும் மூடினால்தான் வண்டி நகரும். படிக்கட்டில் தொங்கவே முடியாது. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. கதவருகே நிற்காமல் உள்ளே நகர்ந்துவிடுங்கள். தாம்பரம் வருவதற்கு முன்பே எழுந்து வரச் சொல்லுங்கள்.

பதில் 2:
காலை, மாலை நெரிசலில் வேண்டாம் சார். 12 பெட்டியிலும் சேர்த்து இருக்கை 1,116தான். நிற்க 3,798 பேருக்கு இடம். மதியம் போங்கள்.

பதில் 3:
நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) தயாரிப்பு. பிரேக் போடும்போது உண்டாகும் மின்சாரத்தை மின்கம்பிக்கே திருப்பித் தரும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்.

கேட்டவர்:
சரி, மதிய வண்டியில் அழைத்துப் போகிறேன். நன்றி.