டெம்ப்ளேட் ஹாஸ்கெல் கம்பைல் ஆகல, அவசரம் (ஃபோரம் இழை; எழுதுறவங்க பேரெல்லாம் ஊர்ப் பேர்)

காவேரிப்பட்டணம்: வணக்கம். எங்க ஊர் மாங்காய் மண்டிக்கு எடை பில் புரோகிராம் எழுதுறேன், ஹாஸ்கெல்ங்கிற புரோகிராமிங் மொழியில. ரகம்னு ஒரு டைப். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா எல்லாம் கன்ஸ்ட்ரக்டர், அதாவது அந்த டைப்புல வர்ற மதிப்புகளோட பேரு. கம்பைல் ஆகும்போதே கோடு எழுதித் தர்ற டெம்ப்ளேட் ஹாஸ்கெல்ல, டைப்போட விவரத்தைக் கேக்குற ரெய்ஃபை வெச்சு அந்தப் பேரையெல்லாம் எடுக்கப் பார்த்தா எரர் வருது. காலையில மண்டியில காட்டணும்.

அரூர்: என்ன எரர்? அப்படியே போடுங்க. ஜிஎச்சி (ஹாஸ்கெல் கம்பைலர், GHC) எந்த வெர்ஷன்?

பென்னாகரம்: ஸ்டேஜ் பிரச்சனைதான், அதே மாட்யூல்ல எழுதின ஃபங்ஷனை ஸ்ப்ளைஸுக்குள்ள ஓட்ட முடியாது, சந்தேகமே வேணாம். ஸ்ப்ளைஸ் (டாலர் போட்டு, கம்பைல் நேரத்துல ஓடுற துண்டு) கூப்பிடுற ஃபங்ஷனை வேற மாட்யூல்ல எழுதி இம்போர்ட் பண்ணுங்க.

காவேரிப்பட்டணம்: தனி மாட்யூல்லதான் இருக்குங்க.

ஓசூர்: அப்போ வெர்ஷன். 8.0-ல டேட்டா-டிக்கு (டைப்போட விவரம் வர்ற கன்ஸ்ட்ரக்டர், DataD) ஃபீல்டு 5 இருந்தது 6 ஆச்சு. பழைய உதாரணம் பார்த்து எழுதினீங்களா?

காவேரிப்பட்டணம்: 9.4. ஆறும் எழுதியிருக்கேன்.

தேன்கனிக்கோட்டை: ஷெர்டும் பெய்டன் ஜோன்சும் 2002-ல எழுதின கட்டுரையைப் படிக்காம இதுல கை வெக்கிறதே தப்பு தம்பி. ஈனம் (Enum), பவுண்டட் (Bounded) ரெண்டையும் டைப்புக்கு டிரைவ் பண்ணினா, அதாவது கம்பைலரையே எழுதித் தரச் சொன்னா, பட்டியல் தானா வரும். அடிப்படையை முதல்ல கத்துக்கோ.

காவேரிப்பட்டணம்: 'மத்தது'ன்னு ஒண்ணு இருக்கு சார், அதுக்குள்ள ரகத்தோட பேரை ஸ்ட்ரிங்கா வாங்குறேன். ஈனம் ஒத்துக்கல.

பென்னாகரம்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

ஓசூர்: கன்ஸ்ட்ரக்டர் பேரைத் தமிழ்லயே வெச்சா என்ன?

தேன்கனிக்கோட்டை: வெக்க முடியாது. கன்ஸ்ட்ரக்டர் பெரிய எழுத்துலதான் தொடங்கணும். தமிழ்ல ஏது பெரிய எழுத்து? ஜிஎச்சி நம்ம எழுத்தைச் சின்ன எழுத்துக் கணக்குலதான் சேர்க்குது.

ஓசூர்: மொழியை வடிவமைச்சவங்க நம்மள நினைச்சே பார்க்கலைன்னு அர்த்தம். மண்டிக்காரர் செந்தூராவைச் செந்தூரான்னு எழுத முடியணும்.

தேன்கனிக்கோட்டை: கம்பைலர் எப்படிப் பிரிச்சுப் படிக்கும்? ஏதாவது ஒரு விதி வேணும்ல?

அரூர்: இந்தச் சண்டையைத் தனி இழையில வெச்சுக்கலாம். தம்பி, எரர்?

காவேரிப்பட்டணம்: ரெய்ஃபை பண்ற இடத்துல 'ரகம்' டைப் என்விரான்மென்ட்ல இல்லைங்குது. ஆனா அதே ஃபைல்ல மேலேயே இருக்கு அண்ணா!

அரூர்: அதேதான் காரணம். ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற ஸ்ப்ளைஸ், அது இருக்கிற டிக்ளரேஷன் தொகுதி டைப்செக் ஆகுறதுக்கு முன்னாடியே ஓடிடும். டைப்புக்குக் கீழ தனி வரியில டாலர் போட்டு, அடைப்புக்குள்ள பியூர், காலி லிஸ்ட் எழுதுங்க, அதாவது $(pure []). தொகுதி அங்க வெட்டுப்படும், மேல இருக்கிறது முதல்ல முடிஞ்சிடும். ஒண்ணு கவனம்: அந்த வரிக்கு மேல இருக்கிற எதுவும் கீழ இருக்கிறதைக் கூப்பிட முடியாது.

காவேரிப்பட்டணம்: ஆயிடுச்சு அண்ணா! ரொம்ப நன்றி, கிளம்புறேன்.

அரூர்: பட்டியல்ல 'மத்தது' வந்துச்சா பாருங்க. ஃபீல்டுக்குப் பேர் வெச்சு ரெக்கார்டா எழுதியிருந்தா ரெய்ஃபையில அது ரெக்-சி (RecC)னு வரும், சாதாரணமா எழுதினா நார்மல்-சி (NormalC). லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்ல நார்மல்-சியை மட்டும் எடுத்திருந்தா, எரரே காட்டாம அதை விட்டுடும்.