பிறருக்குக் கேட்காத குரல் கேட்பவர்கள் இங்கே பேசலாம்

சென்னை வாசகி:
எனக்குள் நான் மட்டும் இல்லை. இறந்துபோன என் அத்தை இருக்கிறார், பெயர் சொல்லாத ஒரு சின்னப் பையன் இருக்கிறான், எப்போதும் அவசரப்படுத்தும் ஓர் ஆண் குரலும் உண்டு. வீட்டில் முதலில் தாயத்து, பிறகு மந்திரிப்பு, அதற்கப்புறம்தான் டாக்டர். மாத்திரை இன்றும் சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, பயம் குறைந்திருக்கிறது. குரல்கள் போகவில்லை. போகட்டும் என்று நானும் இப்போது வேண்டுவதில்லை.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா. "என் மாமியார் செத்து ரொம்ப வருஷமாச்சு, இன்னும் சாம்பார்ல உப்பு பத்தலைங்கறா" என்றார், சாதாரணமாக. பிறகு, "உன்கிட்ட யாரும்மா பேசறாங்க?" அதுவரை என்னை யாருமே அப்படிக் கேட்டதில்லை. அத்தையைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன்.

லண்டனிலிருந்து:
அக்கா, நான் யாழ்ப்பாணம். இஞ்ச குரல் கேக்கிற ஆக்கள் தாங்களே கூடிக் கதைக்கிற குழுக்கள் இருக்கு. ஒரு மனிசி தன்ர கோவக்காரக் குரலுக்கு பின்னேரம் ஏழு மணி எண்டு நேரம் குடுத்திருக்கிறா. முந்தி வந்தா "ஏழு மணிக்கு வா" எண்டு அனுப்பிவிடுவாவாம். நானும் அப்பிடித்தான் செய்யிறன், வேலையில தொல்லை குறைஞ்சிட்டுது.

இந்தக் குழுக்கள் துவங்கினது நெதர்லாந்தில. குரல் கேக்கிற பாட்சி ஹேக் எண்டவ தன்ர மனநல மருத்துவர் மாரியஸ் ரோம் எண்டவரிட்ட, காணாத கடவுளை நம்புற நீங்கள் நான் காதால கேக்கிறதை ஏன் நம்பேல்லை எண்டு வாதாடினவ. ரெண்டு பேரும் 1987இல டிவியில வந்து இதைப் பற்றிக் கதைக்க, நூற்றுக்கணக்கான ஆக்கள் போன் எடுத்தவை. குரலோடயே நல்லாச் சமாளிச்சு வாழுற ஆக்களும் அதுக்குள்ள இருந்தவை.

மதுரைக்காரன்:
எங்க அப்பத்தாவுக்குச் சாமி வரும். குறி கேட்டு ஊரே திருநீறு வாங்கும். எனக்குக் குரல் கேக்குதுன்னதும் அதே ஊர் கிறுக்குன்னுச்சு. அப்பத்தா மட்டும், "எனக்கு வருசத்துக்கு ஒருக்கா வர்றாக, உனக்குத் தினமும் வர்றாக, அம்புட்டுத்தானடா"ன்னுச்சு. அன்னைக்குத்தான் தலை நிமிந்தேன். இப்ப பொண்ணு பாக்குறாக. சொல்லிரவா?

சென்னை வாசகி:
அப்பத்தாவுக்கு என் வணக்கம். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் அவர் குழுவினரும் கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று இடங்களில், இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்பவர்களிடம் பேசினார்கள். அமெரிக்காவில் பலருக்குக் கேட்டது வன்முறைப் பேச்சு. சென்னையில் பலருக்கும் சொந்தக்காரர்களின் குரல்: வீட்டு வேலையைச் செய் என்று விரட்டும், சமயத்தில் நல்ல புத்தியும் சொல்லும். படித்தபோது எங்கள் வீட்டையே எழுதினார்களோ என்றிருந்தது. அதற்காக எல்லாக் குரலும் அத்தை ஆகிவிடாது. உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பெண் வீட்டில் சொல்லிவிடுங்கள் தம்பி. நானும் முன்பே சொன்னேன். ஒரு வரன் தட்டிப் போனது. அடுத்து வந்தவர், "என்னைப் பத்தி அத்தை என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.