என்எஃப்எச்எஸ் (தேசியக் குடும்ப நல ஆய்வு) வீட்டுத் தரவோடு ஜிபிஎஸ் புள்ளியை இணைத்தபோது கண்டதைப் பகிருங்கள்

மணல்மேடு:
ஏரி நடுவில் விழுந்த அந்தப் புள்ளி இன்னும் உறுத்துகிறது. என்எஃப்எச்எஸ்-5, ஊரகக் கிளஸ்டர், அதாவது ஒரே பகுதியில் பேட்டி எடுத்த வீடுகளின் தொகுதி. க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டால் புள்ளியைச் சுற்றி நாலாபக்கமும் தண்ணீர். கரையில் மூன்று ஊர். பதில் சொன்ன வீடுகள் அந்த மூன்றில் எதிலும் இருக்கலாம், அதற்கும் அப்பால் நாலாவது ஊரிலும் இருக்கலாம். ஆனால் இந்தத் தரவை வைத்து எழுதிய ஓர் ஆய்வேட்டின் அட்டவணையில் 'அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் 1.37 கி.மீ.' என்று இரண்டு தசமத்தில் அச்சாகியிருந்தது!

பதில் சொன்னவர்களின் அடையாளம் தெரியாதிருக்கப் புள்ளியை வேண்டுமென்றே நகர்த்தித்தான் தருகிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் 2 கி.மீ. வரை, ஊரகத்தில் 5 கி.மீ. வரை, ஊரகக் கிளஸ்டர்களில் நூற்றுக்கு ஒன்று 10 கி.மீ. வரை. நம் சமவெளியில் 5 கி.மீ. தள்ளினால் தூரம் மட்டும் மாறாது, எந்த நிலையம் பக்கம் என்பதே மாறிவிடும். 'மிக அருகிலுள்ளது' என்ற மாறியையே கைவிட்டு, 10 கி.மீ. வட்டத்துக்குள் எத்தனை நிலையங்கள் என்று எண்ணுவதுதான் நியாயம்.

செவ்வந்தி:
மைனஸில் மழை பெய்து பார்த்திருக்கிறீர்களா? சிர்ப்ஸ் என்ற, கட்டம் கட்டமாக வரும் மழைத் தரவை இணைத்த ஒரு கோப்பில் ஒரு மாவட்டத்தின் மாதச் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. தேடினால், ஜிபிஎஸ் கிடைக்காத ஒரே ஒரு கிளஸ்டர். அப்படிப்பட்டவற்றுக்கு அட்சம், தீர்க்கம் இரண்டையும் 0 என்று போட்டுவிடுவார்கள். வரைபடத்தில் அது ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடா. சிர்ப்ஸில் கடலின் மதிப்பு -9999, அதாவது 'தரவு இல்லை' என்ற குறி. அது ஒன்று உள்ளே வந்தால் போதும், சராசரி கவிழ்ந்துவிடும்.

அட்சம் 0 என்றிருக்கும் வரிகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். பிறகு ஜிபிஎஸ் கோப்பின் டிஎச்எஸ்கிளஸ்ட் என்ற கிளஸ்டர் எண்ணை வீட்டுக் கோப்பின் எச்வி001 மாறியுடனும், பெண்கள் கோப்பானால் வி001-உடனும் பொருத்துங்கள். ஒரு புள்ளிக்குப் பல வீடுகள். இணைத்த பிறகும் வரிகளின் எண்ணிக்கை வீட்டுக் கோப்பில் இருந்த அளவே நிற்க வேண்டும். என்எஃப்எச்எஸ்-5 முழு இந்தியாவுக்கு 6,36,699 வீடுகள். ஒன்று கூடினாலும் எங்கோ இரட்டிப்பு இருக்கிறது.

பாலாறு:
மணல்மேடு சார் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. புள்ளி நகர்ந்ததால் எல்லாமே வீண் என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடும். சிர்ப்ஸின் ஒரு கட்டமே 0.05 டிகிரி, ஏறக்குறைய 5.5 கி.மீ. வெப்பநிலைக்கு ஈரா5-லேண்ட் எடுத்தால் 9 கி.மீ. அங்கே இந்த நகர்வால் பெரிய சேதம் இல்லை. 100 மீட்டர் வேர்ல்ட்பாப் மக்கள்தொகை, 250 மீட்டர் மோடிஸ் செயற்கைக்கோள் பசுமைக் குறியீடு போன்றவற்றில் ஒற்றைக் கட்டத்தின் மதிப்பை உருவினால்தான் ஆபத்து. நகரத்துக்கு 2, ஊரகத்துக்கு 5 கி.மீ. பஃபர் (புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்) போட்டு உள்ளே சராசரி எடுக்க வேண்டும்.

அந்த பஃபரிலும் ஒரு கோளாறு கண்ணில் பட்டது. கோப்பின் ஆயமுறை டபிள்யூஜிஎஸ்84, அலகு டிகிரி. க்யூஜிஐஎஸ்ஸில் பஃபர் கட்டத்தில் 5 என்று தட்டினால் 5 டிகிரி, அதாவது ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு வட்டமும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது, எல்லாக் கிளஸ்டருக்கும் மழை கிட்டத்தட்ட ஒரே எண். மீட்டருக்கு மாற்றும்போதும் கவனம்: 78 டிகிரி தீர்க்கக் கோடு நம் மாநிலத்தின் குறுக்கே போகிறது. மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் கோவை 43-ஆம் மண்டலம், சென்னை 44.

நடுக்காவேரி:
யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ராணிப்பேட்டைக்குத் தனியாக ரத்தசோகை விகிதம் போட்ட ஒரு வரைபடம் பார்க்கக் கிடைத்தது. இன்றைய 38 மாவட்ட எல்லையை எடுத்து, எந்தப் புள்ளி எதற்குள் விழுகிறது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். என்எஃப்எச்எஸ்-5 மாதிரி எடுத்தது 2017 மார்ச் நிலவரப்படியான 707 மாவட்டங்களில், தமிழ்நாட்டுக்கு 32. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்தவை. புள்ளியை நகர்த்தும்போது பழைய மாவட்ட எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். புது எல்லை அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே ராணிப்பேட்டையில் வாலாஜா பக்கத்துக் கிளஸ்டர் இன்றைய வேலூருக்குள் விழலாம், அங்கிருப்பது இங்கே வரலாம். அப்படி நடக்காவிட்டாலும் மாதிரி எடைகள் பழைய வேலூருக்கு மொத்தமாகப் போட்டவை, மூன்றாக வெட்டினால் ஒரு துண்டுக்குச் சில கிளஸ்டர்களே மிஞ்சும். மாவட்டம் வேண்டுமானால் தரவிலேயே உள்ள மாவட்டக் குறியீட்டை எடுத்து, அந்தக் காலத்து எல்லைக் கோப்போடு பொருத்துங்கள். என்எஃப்எச்எஸ்-4 இன்னும் பழையது, 2011 கணக்கெடுப்பின் 640 மாவட்டங்கள். இரண்டு சுற்றையும் ஒப்பிடுபவர்கள் பிரிந்தவற்றை மீண்டும் பெற்றோர் மாவட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் துறையில் மாணவர்களிடம் வலியுறுத்துவது: முடிவு வந்ததும் புள்ளிகளை அதே விதிப்படி மறுபடி நூறு முறை குலுக்கி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மாடலை ஓட்டுங்கள். கெழுவின் குறி கூட்டலிலிருந்து கழித்தலுக்கோ, மாறாகவோ புரண்டால் அந்த முடிவை வெளியிட வேண்டாம்.

செவ்வந்தி:
நடுக்காவேரி அண்ணா, மாவட்ட விஷயம் சரி, காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் களப்பணி 2020 ஜனவரி முதல் மார்ச் வரை, பிறகு ஊரடங்கு, மறுபடி 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை. '2020 மழை' என்று ஒரே எண்ணை ஒட்டினால், ஜனவரியில் பேட்டி கொடுத்த பெண்ணுக்கு அவர் இன்னும் பார்க்காத மழை போய்ச் சேரும். வி008-இல் பேட்டி எடுத்த மாதம் இருக்கிறது: ஆண்டிலிருந்து 1900 கழித்து, 12-ஆல் பெருக்கி, மாத எண்ணைக் கூட்டினது. 2020 ஜனவரி 1441, டிசம்பர் 1452. அந்த மாதத்திலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம் எடுங்கள். குழந்தையின் பிறப்பு எடை என்றால் பி3-இல் உள்ள பிறந்த மாதத்திலிருந்து.

மணல்மேடு:
பாலாறு சொன்ன மழைக் கணக்கில் எனக்கும் மறுப்பில்லை. என் ஆட்சேபம் தூரத்துக்கு மட்டும். அந்த ஆய்வேட்டில் கிளஸ்டர் எண்ணோடு அட்சம், தீர்க்கத்தையும் பின்னிணைப்பாகக் கொடுத்திருந்தார்கள். ஜிபிஎஸ் கோப்புக்குத் தனியே காரணம் எழுதி அனுமதி வாங்கும்போதே அதை யாருக்கும் பகிரக் கூடாது என்றுதான் கையெழுத்து. எச்ஐவி பரிசோதனை செய்துகொண்டார்களா என்பது முதல் கணவன் அடித்தது வரை பதில் சொன்ன வீடுகள் அவை.