விக்கியில் பக்கத்துக்குப் பெயர் வைத்த அனுபவம்: டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து:

எங்கள் பகுதி வாய்க்கால், குளம், நெல் ரகம் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை எழுதிவைக்க மூன்று பேர் சேர்ந்து, விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் ஒரு சின்ன விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தளம், தொடங்கினோம். எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைத்தோம். பெயர் வைப்பதில்தான் திணறினோம்.

நான் முதலில் எழுதிய பக்கம் "சம்பா". குறுவை, சம்பா, தாளடி என்கிறோமே, அந்தச் சாகுபடிப் பட்டம் பற்றி. அதே வாரம் நண்பர் சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா பக்கங்களிலிருந்து அதே தலைப்புக்கு இணைப்பு கொடுத்துவிட்டார். அவருக்குச் சம்பா என்றால் நெல். அரிசியைப் பற்றிப் படிக்க வந்தவர் நாற்றங்கால் விடும் மாதத்தில் போய் நின்றார். இரண்டுமே சரியான சம்பாதான். இப்போது "சம்பா (பட்டம்)", "சம்பா (நெல்)" என்று பிரித்துவிட்டு, வெறும் "சம்பா"வில் இரண்டுக்கும் வழி காட்டுகிறோம்.

அடுத்தது தானாக இணைப்புப் போடும் நீட்சி, அதாவது மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல். தலைப்பாக இருக்கும் சொல் எங்கே வந்தாலும் அது இணைத்துவிடும். எங்களிடம் "ஆறு" என்று ஒரு பக்கம் இருந்தது. "ஆறு மூட்டை", "ஆறு மணி" எல்லாம் காவிரிக்குப் போயின. "மடை" பக்கம் எழுதியதும் வயலில் நிற்கும் மடையான் கொக்கின் பாதிப் பெயர் இணைப்பாகி நீலமானது. இணைய வேண்டிய "வெண்ணாற்றில்", "கும்பகோணத்தில்" மட்டும் கறுப்பாகவே கிடந்தன. தலைப்பு "வெண்ணாறு", வேற்றுமை சேர்ந்ததும் சொல்லே உருமாறிவிடுகிறது, நீட்சிக்கு அடையாளம் தெரியவில்லை.

வார்ட் கன்னிங்காம் 1995-இல் தொடங்கிய முதல் விக்கியில், பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதினாலே இணைப்பாகிவிடும். 2001-இல் வந்த விக்கிப்பீடியாவும் முதலில் அப்படித்தான்; பிறகே இரட்டைச் சதுர அடைப்புக்கு மாறியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாத தமிழுக்கு அந்த அடைப்புதான் வாசலைத் திறந்தது என்று நான் நம்புகிறேன்.

நீட்சியை எடுத்துவிட்டு இப்போது கையால்தான் இணைக்கிறோம். [[குடமுருட்டி]]யில் என்று எழுதினால் ஒட்டிய "யில்" இணைப்போடு சேர்ந்துகொள்கிறது. வெண்ணாற்றுக்கு அது நடக்காது, [[வெண்ணாறு|வெண்ணாற்றில்]] என்று முழுதாக எழுத வேண்டும். நேரம் பிடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் எங்கே போகிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிகிறது.

குத்தாலத்திலிருந்து:

ஐயா, என் ஊர்ப் பெயராலேயே பட்டேன். குற்றாலத்தையும் பேச்சில் குத்தாலம் என்பார்கள் இல்லையா? எங்கள் ஊரைப் பற்றிய விக்கிப் பக்கத்தில் ஒருவர் குற்றாலத்து அருவி, சாரல் எல்லாம் எழுதிவிட்டுப் போய்விட்டார், நல்ல எண்ணத்தோடுதான். குழப்பம் வேண்டாமென்று "குத்தாலம் (நாகப்பட்டினம் மாவட்டம்)" என்று தலைப்பை மாற்றினேன். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது, என் தலைப்பு பொய்யாகிவிட்டது. 1991-க்கு முன்னால் நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம்! மறுபடி தலைப்பை மாற்றினேன். அப்படி நகர்த்தும்போது பழைய தலைப்பு, வருகிறவரைப் புதிய தலைப்புக்கு அனுப்பும் வழிமாற்றாக நின்றதால் இணைப்புகள் அறுந்து போகவில்லை.

அதிலிருந்து அடைப்புக்குறிக்குள் மாவட்டத்தைப் போடுவதே இல்லை. "பாபநாசம் (காவிரிப் படுகை)", "பாபநாசம் (தாமிரபரணி)" என்று ஆற்றை வைத்தே பிரிக்கிறேன். மாயவரம், மாயூரம் இரண்டையும் மயிலாடுதுறைக்கு வழிமாற்றியிருக்கிறேன். என் அம்மா இன்றைக்கும் மாயவரம் என்றுதான் சொல்வார்கள்; அவர்கள் தேடினாலும் பக்கம் கிடைக்க வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:

எனக்கு ஒற்றெழுத்தும் இடைவெளியும்தான் தொல்லை. "சீரகச் சம்பா" இருப்பது தெரியாமல் "சீரக சம்பா" என்று இன்னொரு பக்கம் எழுதி வந்தேன். ஒன்றில் வயது, உயரம். மற்றதில் சமையல். ஒரே நெல்லுக்கு இரண்டு அரைப் பக்கம். இரண்டு பெயரும் நீலமாகவே தெரிந்ததால் ஆறு மாதம் யாருக்கும் உறைக்கவில்லை. "பாமணி ஆறு", "பாமணியாறு" கதையும் இதேதான்.

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து:

நன்றி அண்ணே. படித்தவுடன் எங்கள் பட்டியலைத் தேடினேன், எங்களிடமும் பாமணி இரண்டாகத்தான் இருக்கிறது. "பாமணி ஆறு" என்பதைத் தலைப்பாக வைத்து மற்றதை வழிமாற்றுகிறேன். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் தெரிவியுங்கள், அதற்கே நகர்த்திவிடுகிறேன்.