பின் மட்காட்டை வெட்டினால் சம்மனா? சுங்கை சிப்புட் மோட்டார்க்காரர்களே, பேசுங்கள்

லிந்தாங்_ரைடர்:
போன சனிக்கிழமை இரவு டவுனுக்கு வெளியே, கோலகங்சார் போகும் பழைய சாலையில் ரோட் பிளாக். என் ஒய்15 மோட்டாரின் பின் மட்காட்டை வெட்டிவிட்டு நம்பர் பிளேட்டைச் சீட்டுக்கு அடியில் தூக்கி மாட்டியிருக்கிறேன். ரோட் டேக்ஸ் இருக்கிறது, லைசன்ஸ் இருக்கிறது, எக்ஸாஸ்டும் கம்பெனி எக்ஸாஸ்ட்தான். அதிகாரி பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார், சம்மன் எழுதினார். 300 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் எனக்கு அது ஏறக்குறைய ஐந்து நாள் கூலி.

வண்டியின் பதிவுத் தாளான கிராண்டை எடுத்துப் பாருங்கள். இஞ்சின் நம்பர் இருக்கிறது, சேசிஸ் நம்பர் இருக்கிறது. மட்காட் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவிலேயே இல்லாத பொருளை மாற்றினால் எப்படிக் குற்றமாகும்? இந்தக் குட்டைப் பிளேட் ஸ்டாண்டைக் கடையில் பகிரங்கமாகத்தான் விற்கிறார்கள். நியாயம் சொல்லுங்கள்.

எல்சி_பையன்:
சரியான கேள்வி பிரதர். பெரிய மோட்டார்கள் சில ஃபேக்டரியிலிருந்தே வால் இல்லாமல்தான் வருகின்றன. அவர்களை யாரும் நிறுத்துவதில்லை. தோட்டத்துப் பிள்ளை 150சிசி ஓட்டினால் உடனே ரோட்டில் ரேஸ் விடும் ரெம்பிட் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பட்டறை_அண்ணன்:
தம்பி, கிராண்ட் என்பது வண்டி எது, யாருடையது என்று காட்டும் தாள். வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வேறு விதி இருக்கிறது. 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்த பிறகும் அவை நடப்பில்தான் இருக்கின்றன. சக்கரம் சுழன்று வாரி அடிக்கிற சேற்றையும் தண்ணீரையும் முடிந்தவரை தடுக்க ஒரு மறைப்பு இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மலாயில் அதைச் சாயாப் என்பார்கள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். நீ வெட்டியது எது? சீட்டுக்கு அடியில் சக்கரத்தை ஒட்டி இருக்கும் உள் பகுதியா, பின்னால் நீண்டு தொங்கும் வால் பகுதியா?

லிந்தாங்_ரைடர்:
வால் மட்டும்தான் அண்ணே. உள் பகுதி அப்படியே இருக்கிறது. அதனால்தான் சேறு தடுக்கப்படுகிறது என்கிறேன். என் முதுகில் ஒரு சொட்டு படுவதில்லை.

பட்டறை_அண்ணன்:
உன் முதுகில் படாது, அது சரி. உள் பகுதி உன்னையும் உன் பின் ஷாக் அப்சார்பரையும் காப்பாற்றுகிறது. வால் பகுதி காப்பாற்றுவது உன் பின்னால் வருகிறவரை. டயர் தூக்கும் தண்ணீர் நேராகப் பின்னால் எகிறும், அதை வால்தான் கீழே இறக்குகிறது.

அதோடு வால் வெறும் பிளாஸ்டிக் இல்லை. நம்பர் பிளேட் அதில்தான் நிற்கிறது. பிளேட்டுக்கு வெளிச்சம் காட்டும் வெள்ளை விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர், பல மாடல்களில் சிக்னல் விளக்கும் அதில்தான். ஒரு வெட்டில் எல்லாம் போய்விடுகிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சிக்னலை மட்டும் மறுபடி மாட்டிக்கொண்டு, பிளேட் விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் மறந்துவிடுகிறார்கள். உன் புதுப் பிளேட் ஸ்டாண்டில் விளக்கு இருக்கிறதா?

தோட்டத்து_அக்கா:
நான் மோட்டாரைப் பற்றிப் பேச வரவில்லை. நவம்பர் மழையில் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு லிந்தாங் சாலையில் காலை ஆறரைக்குப் போகிறேன். தோட்டத்துச் செம்மண் முழுக்க ரோட்டில்தான் கிடக்கும், குலை லாரிகள் இழுத்து வந்து போட்டது. பின் மட்காட் இல்லாத மோட்டார் ஒன்று எனக்கு முன்னால் போனது. ஒரே வீச்சு, ஹெல்மெட் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. எதிரே லாரி வெளிச்சம். கண்ணாடியைத் தூக்கினேன், கண்ணுக்குள்ளேயே மண் போய்விட்டது. ஓரமாக நிறுத்தும் வரைக்கும் என் உயிர் என்னிடத்தில் இல்லை. அந்தத் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. யாரையும் இடிக்கவில்லையே என்று அவர் சொல்லலாம்.

எல்சி_பையன்:
அக்கா, உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் சேறு கொட்டும் லாரிக்கு என்ன தண்டனை? அதை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் பிடிப்பது சரியா?

தோட்டத்து_அக்கா:
லாரியையும் பிடிக்கட்டும் தம்பி. அதற்காக நீங்கள் வெட்டலாம் என்று ஆகிவிடாது.

வக்கீல்_ஆபீஸ்_கிளார்க்:
பெரிய மோட்டார் பற்றி ஒருவர் கேட்டார். அவை சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் வகை ஒப்புதல், அதாவது அந்த மாடலுக்கான அனுமதி, பெற்று விற்பனைக்கு வருகின்றன. வால் குட்டையாக இருந்தாலும் சக்கரத்தை ஒட்டி ஒரு மறைப்பு, பிளேட் ஸ்டாண்ட், விளக்கு எல்லாம் சேர்த்துத்தான் வடிவமைத்திருப்பார்கள். ஒப்புதல் வாங்கிய பிறகு அதையே வெட்டினால் அவர்களுக்கும் இதே கதிதான். கடையில் விற்கிறார்கள் என்பதும் பதிலாகாது. ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பொறுப்பு ஓட்டுகிறவரும் உரிமையாளரும்தான்.

பிளேட் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புத் தட்டில் வெள்ளை எழுத்து, மோட்டார் சைக்கிளுக்கு எழுத்தின் உயரம் 40 மில்லிமீட்டர், அகலம் 30. குட்டை ஸ்டாண்டில் இடம் போதாமல் பல பேர் எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். அல்லது பிளேட் வானத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறது. ரைடர் தம்பி, சம்மன் தாளில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா?

லிந்தாங்_ரைடர்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மட்காட் என்று இல்லை. நம்பர் பிளேட் விதிப்படி இல்லை என்று இருக்கிறது.

பட்டறை_அண்ணன்:
நினைத்தேன். 300 வெள்ளி என்றதுமே பிளேட் என்றுதான் தோன்றியது.

லிந்தாங்_ரைடர்:
சரி, பிளேட் விஷயத்தில் நான் தோற்றேன். எழுத்து சின்னதுதான், விளக்கும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அக்கா சொன்னதைப் படித்த பிறகு மழைக்காலத்தில் இப்படி ஓட்ட மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவு சொல்கிறார்கள். மட்காட்டுக்கு 'முடிந்தவரை' என்றால் எத்தனை அங்குலம்? ஒரு அதிகாரிக்குப் போதும் என்று தோன்றுவது இன்னொருவருக்குப் போதாது. பணம் கட்டுகிறவன் நான்.

வக்கீல்_ஆபீஸ்_கிளார்க்:
அந்தக் குறை நியாயமானது. ஆனால் கம்பெனி கொடுத்ததை அப்படியே வைத்திருப்பவனுக்கு அந்தச் சந்தேகமே வராது. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். விபத்துக்குப் பிறகு நஷ்ட ஈடு கேட்கும்போதுதான் பலர் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

எல்சி_பையன்:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. குட்டை வாலிலேயே சரியான அளவு பிளேட், விளக்கு, ரிஃப்ளெக்டர், டயருக்குப் பின்னால் ஒரு சின்ன மறைப்பு எல்லாம் போட்டால்? அதையும் குற்றம் என்பீர்களா?

பட்டறை_அண்ணன்:
அப்படி முழுதாகப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பையனையாவது காட்டு, நான் சண்டை போட மாட்டேன். என் பட்டறைக்கு இதுவரை ஒருவரும் அப்படி வந்ததில்லை. 1992லிருந்து நாம் பகலிலும் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஓடுகிறோமே, எதற்கு? மோட்டார் மற்றவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான். முன்னால் எரிய விட்டுவிட்டுப் பின்னால் ரிஃப்ளெக்டரைக் கழற்றி வீசுகிறோம்.

ரைடர் தம்பி, பழைய வால் இருக்கிறதா?

லிந்தாங்_ரைடர்:
வெட்டிய துண்டு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. ஒட்ட முடியாது அண்ணே. புதிது வாங்க வேண்டும்.

பட்டறை_அண்ணன்:
வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, மாட்டும் கூலி வேண்டாம். பிளேட் விளக்கு ஒயரை என்ன செய்தாய்?

லிந்தாங்_ரைடர்:
வெட்டி, டேப் சுற்றி, சீட்டுக்கு அடியில் விட்டிருக்கிறேன்.

பட்டறை_அண்ணன்:
டேப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். அதுவரை மழையில் எடுக்காதே.