எடிட்டிங் ரூமுக்கு 5000-ஆ, 6500-ஆ?

சிம்மக்கல்காரன்:
"மானிட்டர் 6500 கெல்வின், அதனால் ரூம் லைட்டும் 6500தான், வேறு பேச்சே இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் ஏற ஏற நீலம் கூடும்.) படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கல்யாண ஆல்பம் செய்கிறவனுக்கு 5000தான். பிரிண்ட் பார்க்கும் வெளிச்சத்துக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 3664 சொல்வதும் டி50 என்ற பகல்வெளிச்சம், அதாவது 5000.

மேலூர் தம்பி:
எழுதியவன் நான்தான் அண்ணே, நேராகவே திட்டலாம். நாள் முழுக்க நான் பார்ப்பது திரையை, பேப்பரை இல்லை. ரூமில் 5000 போட்டால் 6500 திரை நீலம் அடிக்கும். 6500தான்.

சிம்மக்கல்காரன்:
பெண் வீட்டார் உன் திரையையா வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்? ஆல்பம் வந்ததும் அரக்குப் பட்டுப் புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தெருமுனைக் கடையில் வாங்கும் எல்இடி டியூப் பெரும்பாலும் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண்) 80தான், அதில் சிவப்பு செத்துக் கிடக்கும். 5000, சிஆர்ஐ 90க்கு மேல். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

வாடிப்பட்டி:
கெல்வின் இருக்கட்டும், எவ்வளவு வெளிச்சம்? திரையில் வேலை செய்யும்போது 64 லக்ஸுக்குள், முடிந்தால் 32 லக்ஸுக்குள் என்று அதே 3664-இன் 2000-ஆம் வருஷப் பதிப்பு சொன்னது. நீங்கள் இரண்டு பேரும் ரூமைக் கல்யாண மண்டபம் மாதிரி வைத்துக்கொண்டு...

மேலூர் தம்பி:
லக்ஸை யார் கேட்டது? 6500.

சிம்மக்கல்காரன்:
லக்ஸ் அப்புறம். போன சித்திரையில் எனக்கு நடந்ததைக் கேள். பச்சைச் சுவர், 6500 டியூப், ஜன்னல் வழியே மத்தியான வெயில். சுவரின் பச்சைக்குக் கண் பழகிவிட்டது. திரையில் பச்சை குறைவாகத் தெரிய, பச்சையை ஏற்றிக்கொண்டே போனேன். பிரிண்டில் மாப்பிள்ளை முகம் முழுக்கப் பச்சை. மொத்த ஆல்பத்தையும் என் காசில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே 5000 மாற்றினேன்.

மேலூர் தம்பி:
அது சுவர் செய்த தப்பு அண்ணே! சாம்பல் பெயிண்ட் அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தால் 6500-லேயே சரியாக வந்திருக்கும். நீங்கள் எதைத்தான் ஒழுங்காகச் சொன்னீர்கள்? எனக்கு வாடகைக்குத் தந்த லென்ஸிலும் பூஞ்சை.

சிம்மக்கல்காரன்:
டார்ச் அடித்துப் பார்த்துத்தானே வாங்கிப் போனாய்? மூன்று முகூர்த்தம் எடுத்துவிட்டு இப்போது பூஞ்சையா? பாக்கி வாடகையை முதலில் கொடு.

வாடிப்பட்டி:
சுவரைப் பற்றித் தம்பி சொல்வது சரி.

சிம்மக்கல்காரன்:
சுவரையும் மாற்றிவிட்டேன், லைட்டையும் மாற்றிவிட்டேன். நாளைக்குக் கடைக்கு வாருங்கள், ஒரே பிரிண்டை இரண்டு டியூபிலும் காட்டுகிறேன். 5000.

மேலூர் தம்பி:
பிரிண்டைக் காட்டுவீர்கள், திரையைக் காட்ட மாட்டீர்கள். 6500.