துணைக்கு யாரைக் கூப்பிட்டீர்கள்? பெண்கள் எழுதிய பதில்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து:

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, கறவையில் ஒரு மாடு. அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கேட்டபோது தீர்மான நோட்டில் காரணம் எழுத வேண்டியிருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. "பணம் மட்டும் குடுங்க, மத்ததை நானே பாத்துக்கிறேன்" என்றார். குழுவை நடத்தும் எங்கள் ஊக்குநர் நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல யார் படுப்பா? முதல்ல அதைச் சொல்லு" என்று கேட்டார். அக்காவிடம் பதில் இல்லை.

அங்கேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிள்ளைகள் ஒருத்தி வீட்டில் சாப்பாடு, இன்னொருத்தி வீட்டில் தூக்கம். ஆஸ்பத்திரிக்கு முறை வைத்துப் போனோம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போய்வர யாரும் தயங்கவில்லை. மாடு என் பொறுப்பு. அது ஆள் மாறினால் காலை உதறும், பாலை அடக்கிக்கொள்ளும். சொம்பு ஒருமுறை உருண்டே போனது. அப்புறம் அக்கா வீட்டுக் கொடியில் கிடந்த பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முந்தானையை மோந்து பார்த்தது, தலையை ஒருமுறை ஆட்டியது, மடி இறங்கிவிட்டது. அக்கா எழுந்து நடமாடும்வரை அந்தப் புடவையோடுதான் கறந்து சொசைட்டியில் ஊற்றினேன்.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் குழுக்களை அரசு தொடங்கியது. சேமிப்பு, கடன் என்றுதான் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வந்து ஓரிடத்தில் உட்கார ஒரு காரணம் கிடைத்தது. சும்மா பேசப் போகிறேன் என்றால் விடாத வீடு, கூட்டம் என்றால் விடுகிறது. ஊரில் "அவ யாரையும் எதிர்பார்க்க மாட்டா" என்று ஒரு பெண்ணைப் புகழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் புகழ்ச்சியே அவள் வாயைக் கட்டிப்போடுகிறது.

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து:

எனக்குக் குழு எதுவும் கிடையாது, காலை எலக்ட்ரிக் டிரெயினில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்தான். ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் பூத் தொடுப்பார். பாதிப் பேரின் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது, இறங்கும் ஸ்டேஷன்தான் அடையாளம். சானடோரியம் அக்கா தொடர்ந்து வராமல் போனதும் பல்லாவரத்தில் இறங்குகிறவர் போன் போட்டுப் பார்த்தார். டெங்குக் காய்ச்சல், வீட்டில் தனியாகக் கிடந்தார். அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் வழியில் இறங்கி, கஞ்சியும் இளநீரும் வாங்கிக்கொண்டு போனோம். ஆபீஸில் லீவு என்று மட்டும் குறித்துக்கொண்டார்களாம். வழக்கமான சீட் காலியாக இருந்ததைக் கவனித்தது எங்கள் பெட்டிதான்.

திருவாரூர் பக்கத்திலிருந்து:

எல்லாக் குழுவும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தது ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் குழு, அதாவது சிறுகடன் கொடுக்கும் கம்பெனி சேர்த்த குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவர், "போய் அவங்க வீட்டு வாசல்ல உட்காருங்க" என்று எங்களையே ஏவிவிட்டார். சிநேகிதி வாசலில் கடனைக் கேட்டு உட்கார்ந்தால் அப்புறம் எப்படி முகம் பார்ப்பது? எங்களில் இரண்டு பேர் உட்கார மறுத்தோம். குழு உடைந்துவிட்டது, அந்தச் சிநேகிதியும் சேர்த்து நாங்கள் மூவரும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் நடவுக்குப் போகிறோம். கடன் கொடுக்கிறவர்கள் சேர்த்துவைக்கும் கூட்டத்தையெல்லாம் தோழமை என்று நம்பிவிடாதீர்கள்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

திருவாரூர் அக்கா சொல்வது சரி. எங்கள் குழுவில் சேமிப்பும் எங்களுடையது, வட்டியும் எங்களுக்கே திரும்புகிறது. அதனால் ஒருத்தி தவணை தள்ளிக் கேட்டால், கூடிப் பேசி நாங்களே முடிவு செய்ய முடிகிறது.

புதிதாகக் குடிவந்த ஊரில் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கும் தங்கைகளுக்கு: முதலில் சின்னதாக ஏதாவது கேளுங்கள். ஒரு கரண்டி உறைமோர் போதும், இல்லையென்றால் ரேஷன் கடைக்கு எப்போது போகிறீர்கள், நானும் கூட வரட்டுமா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் அடுத்த வீட்டுக்காரிக்கும் உங்களிடம் கேட்கக் கூச்சம் விடும். எங்கள் அக்கா இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு பிரசவத்துக்குத் துணைக்குப் போயிருக்கிறார். மாட்டைக் கறக்கச் சொல்லி என்னிடம் புடவையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.